அறுபத்து மூன்று பாகை

என் தங்கை சிபானா ஏசாமல் ஒரு கொம்பியூட்டரையும் திருத்திக் கொடுத்ததில்லை. மருதமுனையில் கடற்கரைக்குப் போகும் குறுக்கு வீதி ஒன்றில் அவளுடைய வீடு. முன் அறையில் ஒரு நீள மேசை. அதன் மேல் மூடி கழற்றிய பெட்டிகள் நாலைந்து எப்போதும் கிடக்கும். புதிதாக யாரும் பெட்டி கொண்டுவந்து வைத்தால் அதற்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று அவள் கேட்க மாட்டாள். பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பாள். பார்த்ததும் தொடங்கிவிடுவாள்.

“இதென்ன, கடக்கர மண்ணில பாதிய உள்ளுக்கு வெச்சிரிக்கிறீங்க? எங்க வெச்சி ஓட்டின?”

“மேசைக்குக் கீழதான் தங்கச்சி, செவரோட ஒட்டி...”

“செவரோட ஒட்டியா? ஒங்கட மூக்கையும் வாயையும் செவரோட ஒட்டி வெச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு இரிந்து பாருங்க. புறகு வாங்க, கதைப்பம்.”

பாண்டிருப்பிலிருந்து வரும் நல்லரெத்தினம் மாஸ்டர் மட்டும் அவள் வாய்க்குப் பயப்படுவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஏச்சு முடிஞ்சுதா பிள்ளை? முடிஞ்சுதெண்டா இனி வருத்தத்தைச் சொல்லு” என்பார். அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அவள் கோபத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. சுனாமியில் கடல் வந்த வருடம் அவளுக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் முகாமில் இருந்தோம். உதவி செய்ய வந்த ஓர் அமைப்பு, தகரக் கொட்டில் ஒன்றில் எட்டுக் கொம்பியூட்டரை வைத்து வகுப்பு நடத்தியது. ஆறு மாதத்தில் அவர்கள் போய்விட்டார்கள். பெட்டிகளை ஊருக்கு விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருடத்துக்குள் எட்டும் ஒவ்வொன்றாக நின்றன. கெட்டுப்போன சாமான்தானே என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சிபானா ஒரு திருப்புளியுடன் போய் எட்டையும் திறந்தாள். எட்டுக்கும் ஒரே வருத்தம். தகரக் கூரை, மூடிய ஜன்னல், தூசி அடைத்துச் சுற்றாமல் நின்ற காத்தாடி. எட்டின் நல்ல பாகங்களைச் சேர்த்து மூன்றை ஓட வைத்தாள். மற்ற ஐந்தையும் நினைத்து, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் என்னிடம் இன்றைக்கும் ஏசுவாள். “அதுகள் சாகல்ல காக்கா. அவிச்சிக் கொன்டுட்டாங்க.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓட்டோ ஓட்டுகிறேன். கொம்பியூட்டரைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். பெட்டிக்குள் ஹாட் டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. நாம் சேமித்து வைப்பதெல்லாம் அதில்தான். உள்ளே ஒரு தட்டு ஓயாமல் சுற்றும். சுற்றுகிற சாமான் சூடாகும். முப்பதிலிருந்து நாற்பது பாகைச் சூடு வரை அதற்கு ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டினால் காற்று போகிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பதுக்கு மேலே நாளும் பொழுதும் ஓடினால் அதன் ஆயுள் கரைகிறது. அறுபது என்பது செய்த கம்பனிக்காரனே பெரும்பாலும் இதற்கு மேல் வேண்டாம் என்று போட்ட எல்லை. காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வழி விட்டால் போதும், வேறு மருந்து வேண்டாம் என்பாள்.

இவ்வளவும் தெரிந்தவளின் சொந்தச் சொத்துத்தான் எங்கள் கையால் அவிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். 

அவளுடைய கணவர் மசூர் ஒரு ஹாபிழ். குர்ஆன் முழுவதும் நெஞ்சில் வைத்திருப்பவர். எனக்கு மச்சான் என்பதால் சொல்லவில்லை, அவர் ஓதினால் வீதியில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். அரபு எழுத்துக் கூட்டத் தெரியாத தாய்மாரும் வயது போனவர்களும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கட்டும் என்று குர்ஆனின் முப்பது பாகங்களான ஜுஸ்உகள் அனைத்தையும் அவர் பதிவு செய்தார். ஒவ்வொரு வசனத்தையும் மெதுவாக, இரண்டு தரம். எங்கள் பள்ளிவாசலின் ஆபீஸ் அறையில் வைத்து, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஓதினார். பள்ளியின் மைக், பள்ளியின் கொம்பியூட்டர். எல்லாம் அந்த ஒரு ஹாட் டிஸ்க்கில்.

ஓதி முடித்து ஆறு மாதத்தில் அவர் தொண்டையில் கட்டி கண்டது. கொழும்பில் வெட்டினார்கள். உயிரை அல்லாஹ் மிச்சம் வைத்தான். சத்தம் போய்விட்டது. இப்போது கழுத்தில் ஒரு துணி கட்டியிருப்பார். சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் எழுதிக் காட்டுவார்.

அதோடு அந்தப் பதிவு வேறு சாமானாகிவிட்டது. பள்ளித் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எழுந்து நின்று, இது இந்த ஊருக்குக் கிடைத்த பொக்கிஷம், பெரிய விழா வைத்து வெளியிடுவோம் என்று அறிவித்தார். கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வர வேண்டும் என்றார். பிரமுகருக்கு நாள் ஒத்து வரவில்லை. ஒரு தரம் தள்ளிப் போட்டார்கள். இரண்டாம் தரம் தள்ளிப் போட்டார்கள். மூன்றாம் தரம் அழைப்பிதழ் அச்சடித்த பிறகு தள்ளிப் போட்டார்கள். பதிவு பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

சிபானா ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஹாஜியார், அதில ஒரு கொப்பி எடுத்து வேறொரு இடத்தில வெப்பம். ஒரு சாமான ஒரே இடத்தில வெக்கிற பயம்.”

“அது வக்பு மகள், பள்ளிக்கென்டு எழுதி வெச்ச சாமான். வக்புப் பொருள ஊட்டுல எடுத்து வெக்கேலா. விழாவுல முறையா வெளியிட்டுப்போட்டு எல்லாருக்கும் குடுப்பம். ஒங்கட ஊட்டுக்கும் ஒண்டு வரும்.”

“நான் எனக்கென்டு கேக்கல்ல. பள்ளியிலயே இன்னொரு இடத்தில வைங்களன்.”

“பள்ளியில இரிக்கிறதுக்கு அல்லாஹ் காவல். நீங்க யோசியாதீங்க.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் கையால் அடித்தாள். மசூர் மச்சான் கைப்பேசியில் எழுதி நீட்டினார். ‘நான் பள்ளிக்கென்று மனதில் நிய்யத் வைத்து ஓதினேன். அவர்கள் பொறுப்பு.’

அந்த வருடம் கச்சான் காற்று நேரத்தோடு தொடங்கியது. மேற்கிலிருந்து நெருப்பு மாதிரி வரும் காற்று. பள்ளிப் பெட்டி நடுவில் நடுவில் நின்று போகிறது என்று ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் சிபானாவின் மேசையில் வைத்தேன். திறந்தாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஓட விட்டாள். காலையிலிருந்து மதியம் லுஹர் தொழுகை வரை ஓடியது, நிற்கவே இல்லை. முப்பத்தொன்பது பாகை.

“ஒரு வருத்தமும் இல்லியே” என்றாள். பிறகு ஏதோ ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். சில ஹாட் டிஸ்க்குகள் தாம் பட்ட அதிகச் சூட்டைத் தாமே குறித்து வைத்திருக்குமாம். அதைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். “ஐம்பத்தஞ்சு ஏறியிரிக்கி. எங்க காக்கா இத வெச்சிரிக்கிறீங்க?”

“ஆபீஸ் அறையிலதான். நல்ல உயரத்தில, தூசி மண் ஒண்டும் படாம இரிக்கி.”

நான் பொய் சொல்லவில்லை. அல்லாஹ் அறிவான். ஆனால் நான் சொன்னது முழுவதும் இல்லை.

இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் அவள் மேசையில் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. அது குறித்து வைத்திருந்த கணக்கு மட்டும் ஐம்பத்தொன்பது. சிபானாவுக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச வந்தா சுகம், அங்க போனா காய்ச்சல். வருத்தம் பெட்டியில இல்ல காக்கா, இடத்தில இரிக்கி. நான் வந்து பாக்கணும்” என்றாள். நான் போய் ஹாஜியாரிடம் கேட்டேன். “ஆம்புளையள் இரிக்கிற இடம். அவ எதுக்கு? நீ இரிக்கியே, நீ பாத்துச் செல்லு” என்றார். ஆக, அவளுடைய கண் நான்தான்.

அன்றைக்கு அந்தப் பதிவு அவள் மேசையில் அவள் கைக்குள் இருந்தது. அரை மணி நேரம் போதும், எல்லாவற்றையும் கொப்பி எடுத்திருப்பாள். கொப்பி எடுக்கிற பென் டிரைவைக் கையில் எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

“வேணாம் தங்கச்சி” என்றேன். “தரேலா என்டு சென்ன சாமான். திருத்தத்தான் நம்பித் தந்திரிக்காங்க. அமானிதம்.”

அவள் பென்னை மேசை லாச்சிக்குள் எறிந்து லாச்சியைச் சாத்தினாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அமானிதம் என்று மார்க்கம் பேசினேன் நான். ஓர் ஆயுளின் ஓதல் ஒற்றைத் தட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைக் காப்பதும் அமானிதம்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் கோபக்காரியாக இருந்தும் என் சொல்லைக் கேட்டாள். அதுதான் அவள் செய்த பிழை.

மூன்றாம் தரம் பெட்டி நின்ற நாள் நல்ல வெயில். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். ஹாஜியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து டக், டக் என்று தட்டுகிற சத்தம் வருகிறது, பிறகு ஒன்றும் இல்லை என்றார். “கெதியாக் கொண்டு போ முனாப். அவிழ்க்காத, அப்பிடியே தூக்கு.” முந்தி இரண்டு தரமும் அவிழ்த்துவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். இந்தத் தரம் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

ஓட்டோவிலிருந்து நான் இறக்கியதைப் பார்த்து சிபானா வாசலில் நின்றுவிட்டாள்.

“இதென்ன காக்கா, ஆர்ட மய்யித்து?”

பிரேதத்தைப் போர்த்தியது போல், பெட்டி முழுக்கப் பச்சைப் பட்டு மாதிரித் துணி. ஹாஜியாரின் சொந்தத் தறியில் நெய்தது. ஓரத்தில் வெள்ளிச் சரிகை. முன்னால் சுவிச்சுக்கு மட்டும் ஒரு சின்ன வாய் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டிருந்தது. அவள் கையை அடியில் கொடுத்து வாங்கினாள். கை சுட்டது.

“இந்தத் துணி எப்ப சுத்தின?”

“அது... தொடக்கத்திலயே.”

“ஓடக்குள்ளயும் இதோடதானா?”

“ஓம்.”

“எங்க வெச்சி?”

“இரும்பு அலுமாரிக்கு மேல. குர்ஆன் முஸ்ஹப்கள் இரிக்கிற உயரத்துக்கு. உள்ளுக்கு முப்பது ஜுஸ்உ இரிக்கி, கீழ வெக்கேலா என்டு...”

“அலுமாரிக்கு மேல என்ன கூரை?”

“கூரைச் சீட்தான்.”

“நாள் முழுக்க ஓடுமா?”

“விடிய சுபஹிலயிரிந்து ராவு இஷா மட்டும். தொழுகை வக்துக்கு முன்னால கிராஅத் ஓதல் போடுற அதிலதான். அணைச்சா திரும்ப எழும்ப நேரமெடுக்குது என்டு அணைக்கிறல்ல.”

அவள் முடிச்சைப் பார்த்தாள். சரியாகக் காற்று வெளியேறும் துளைகளின் மேல், கைமுட்டி அளவுக்கு ஒரு முடிச்சு. “இத ஆர் போட்ட?”

நான்தான் போட்டேன். ஹாஜியார் துணியைப் பிடித்தார், நான் பிஸ்மி சொல்லி முடிச்சுப் போட்டேன். வீட்டில் முஸ்ஹபை எப்படித் துணியில் சுற்றி உயர வைப்போமோ, அப்படித்தான் வைத்தோம். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். தூசி படாது என்று அவளிடம் சொன்னபோதும் இந்தத் துணியை மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

“நீங்க கண்டீங்க” என்றாள். “ரெண்டு தரம் கேட்டன். ரெண்டு தரமும் நீங்க இதக் கண்டுட்டு வந்துதான் எனக்கிட்டச் சென்னீங்க. நான் ஊரில உள்ளவங்களுக்கெல்லாம் ஏசி ஏசிச் செல்லுறன், ஒங்கட காதில ஒண்டும் ஏறல்லியா?”

“அது மத்தக் கொம்பியூட்டர்களுக்கு என்டு நினைச்சன் புள்ள. இது குர்ஆன் இரிக்கிற பெட்டி. மரியாதைக்கு...”

“மரியாத! முஸ்ஹப் மூச்சு விடுறல்ல காக்கா. இது விடும். மூச்சு விடுற சாமான்ட மூக்கப் பொத்திப்போட்டு மரியாத என்டு செல்லுறீங்க. என்ட மச்சான்ட சத்தம் காக்கா அது! ஊருக்குக் கேக்க முந்தி நீங்க அத அவிச்சிட்டீங்க.”

மசூர் மச்சான் உள்ளே இருந்து வந்தார். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏச அவருக்குச் சத்தம் இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் அதை ஓட விடவில்லை. ஹாட் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசையில் தனியே வைத்து ஆற விட்டாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “ஃப்ரிட்ஜில கொஞ்ச நேரம் வெச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

“மீனா அது? குளிர் பட்டு வெளிய எடுத்தா உள்ளுக்கு வேர்க்கும். ஈரம் பட்டா மிச்சமும் போகும். ஒங்களுக்கு ஒரு சாமானயும் சும்மா விடத் தெரியாதா?”

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுப் போனேன். அவளும் தொழுதுவிட்டு மேசையில் இருந்தாள். வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம்தான் குளிர்ச்சி. ஹாட் டிஸ்க்கை இரண்டு சின்னப் பலகைத் துண்டின் மேல் வைத்து, அடியிலும் மேலும் காற்றுப் பட, மேசைக் காத்தாடியை நேரே திருப்பி வைத்திருந்தாள். தன்னுடைய கொம்பியூட்டரோடு வயரைப் பொருத்தினாள். சுற்றத் தொடங்கியது. டக். டக். பிறகு ஒரு நிமிடம் பேச்சு மூச்சில்லை. பிறகு திரையில் எழுத்து வந்தது.

அவள் முதலில் பார்த்தது அது குறித்து வைத்திருந்த அதிகச் சூட்டை. அறுபத்து மூன்று பாகை.

“இது பொய் செல்லாது” என்றாள். அதைப் படம் பிடித்து வைத்தாள்.

“எல்லாம் எடுக்க ஏலுமா?” என்று கேட்டேன்.

“தெரியா. எத முதல்ல எடுக்கிற என்டு செல்லுங்க. எந்த நேரமும் நிக்கும்.”

அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. மச்சானிடம் கேட்டாள். தன் ஓதலில் எது பிழைக்க வேண்டும், எது போனாலும் போகட்டும் என்று ஒரு மனிதன் சொல்ல வேண்டி வந்ததே என்று என் நெஞ்சு எரிந்தது. அவர் கண்ணை மூடி இருந்துவிட்டு எழுதினார். ‘முப்பது. தொழப் பழகுகிறவர்களுக்கு அதுதான். பிறகு யாசீன் உள்ள இருபத்திரண்டும் இருபத்து மூன்றும். பிறகு இருபத்தொன்பது. பிறகு ஒன்றிலிருந்து.’

அப்படியே தொடங்கினாள். சுகமான ஹாட் டிஸ்க் என்றால் அரை மணி நேரம். இதற்கு ஒரு ஜுஸ்உ எடுக்க இருபது நிமிடம், சிலவேளை ஒரு மணி. நாற்பத்தைந்து காட்டியதும் நிறுத்துவாள். ஆறும் மட்டும் இருப்பாள். மறுபடி தொடங்குவாள். பத்து மணிக்குக் கச்சான் ஜன்னலால் வீசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். அன்றைக்கு ஏழு.

இரண்டாம் நாள் காலையில் ஹாஜியார் வந்தார். படலைக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“எங்க பெட்டி? கொழும்பில பெரிய ஆக்கள் இரிக்காங்க, அவங்களுக்கிட்ட அனுப்புவம். இஞ்ச வெச்சிக் கிண்டாம எடுத்துத் தா.”

சிபானா முக்காட்டைச் சரி செய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

“இப்ப தரேலா ஹாஜியார்.”

“மகள், அது வக்பு. ஒங்களுக்குக் கொப்பி எடுக்க அனுமதி இல்ல என்டு நான் அண்டைக்கே சென்ன.”

“ஓம், சென்னீங்க. நானும் கேட்டு இரிந்தன். அதால வந்த வின உள்ளுக்குக் கிடக்கு, வந்து பாருங்க. அறுபத்து மூண்டு டிகிரி. அந்தச் சூட்டில ஒரு ஹாட் டிஸ்க் எவ்வளவு காலம் கிடக்கும் என்டு ஒங்கட கொழும்பு ஆக்களுக்கிட்டயே கேளுங்க.”

“வெயில் காலம் மகள். அல்லாஹ்ட நாட்டம். நாம என்ன செய்யிற?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கே உடம்பு பற்றியது. அல்லாஹ்வின் நாட்டத்தை நம்புகிறவன் நான். ஆனால் துணியைக் கொண்டுவந்தவர் அவர். முடிச்சுப் போட்டவன் நான். நாட்களைத் தள்ளிப் போட்டது விழா.

சிபானா படலை வரைக்கும் நடந்து போனாள். “ஒங்கட தறியில தீப்பிடிச்சா அல்லாஹ்ட நாட்டம் என்டு பாத்துக்கிட்டு நிப்பீங்களா, தண்ணி ஊத்துவீங்களா? ஒங்கட பிழைய மூட அல்லாஹ்ட பேர எடுக்காதீங்க. போங்க. எனக்கு வேல இரிக்கி. வெயில் ஏறுது.”

ஊரில் அவரிடம் அப்படி யாரும் கதைத்ததில்லை. நோன்பு காலத்தில் எத்தனையோ வீட்டுக்கு அரிசி கொடுக்கிற மனிதர். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தங்கையை அடக்குவேன் என்று. நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் போய்விட்டார். அன்றைக்கு எட்டு எடுத்தாள்.

மூன்றாம் நாள் நாலு எடுத்துவிட்டு, பதினாறாம் ஜுஸ்உவைத் தொடங்கியபோது டக் டக் என்ற சத்தம் விடாமல் வந்தது. சூடு நாற்பத்திரண்டுதான் காட்டியது. உடனே நிறுத்தினாள். ஒரு மணி நேரம் ஆற விட்டாள். மறுபடி வயரைக் கொடுத்தாள். தட்டு சுற்றவே இல்லை. பின்னேரம் முயன்றாள். மறுநாள் சுபஹுக்குப் பிறகு முயன்றாள். அதற்கு மறுநாளும். ஒன்றும் இல்லை. கொழும்பில் இப்படிப்பட்டதைப் பிரித்து எடுக்கிற இடத்துக்கு அனுப்பினோம். தட்டே கீறிப் போயிருக்கிறது, இனி முடியாது என்று இரண்டு கிழமையில் திருப்பி அனுப்பினார்கள்.

பத்தொன்பது கிடைத்தது. பதினொன்று போனது. ஓதினவர் உயிரோடு இருக்கிறார், மீண்டும் ஓதச் சத்தம் இல்லை.

ஹாஜியார் மறுபடியும் வந்தார். இந்தத் தரம் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. நல்ல யோசனை ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். அக்கரைப்பற்றில் அழகாக ஓதுகிற காரி ஒருவர் இருக்கிறார், மசூரின் சத்தத்துக்கு நல்லா ஒத்து வரும். குறைந்த பதினொன்றையும் அவரைக்கொண்டு ஓதி நிரப்பிவிடலாம். முப்பதும் முழுதாக விழாவில் போகும். ஊருக்கு வித்தியாசம் தெரியாது.

சிபானா வாய் திறப்பதற்குள் மசூர் மச்சான் எழுதினார். இத்தனை நாளில் அவர் கை அவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியதை ஹாஜியாரின் முகத்துக்கு நேரே பிடித்தார். ‘குறைவாகவே கொடுங்கள். என் பேரில் பொய் ஓத வேண்டாம்.’

ஹாஜியார் எழும்பிப் போனார். சிபானா படலையைச் சாத்திவிட்டு வந்து மச்சானுக்கு முன்னால் உட்கார்ந்தாள். “அப்ப நானே குடுக்கவா?” அவர் ஓம் என்று தலையை அசைத்தார்.

அடுத்த நாள் அவள் தன் மேசையில் மைக்கை வைத்தாள். என்னை உள்ளே கூப்பிட்டாள்.

“போன ஒவ்வொண்டுட இடத்திலயும் நான் கதைக்கப் போறன் காக்கா. ஏன் இல்ல என்டு கேக்கிறவங்களுக்குத் தெரியணும். ஒங்கடயும் செல்லவா?”

நான் மசூர் மச்சானைப் பார்த்தேன். அவர் எனக்காக ஒன்றும் எழுதவில்லை.

“செல்லு” என்றேன்.

அவள் ஏசுகிற குரலில் சொல்லவில்லை. அதைவிடக் கடுமையான குரல் அது. சத்தமே உயரவில்லை.

“பதினாறாம் ஜுஸ்உ இதில் இல்லை. மசூர் ஹாபிழ் அதை முழுமையாக ஓதினார். பதிவு இருந்த பெட்டியைத் துணியால் சுற்றி, சீட் கூரைக்குக் கீழே, நாள் முழுவதும் ஓட விட்டார்கள். அறுபத்து மூன்று பாகைச் சூட்டில் அது பழுதாகிவிட்டது. சுற்றியவர்கள் இரண்டு பேர். பள்ளித் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார், என் காக்கா முனாப். இன்னொரு கொப்பி எடுக்க அனுமதி கேட்டோம். தரவில்லை. உங்கள் வீட்டில் கொம்பியூட்டர் இருந்தால் அதை மூடாதீர்கள்.”

அதே வார்த்தைகளை, ஜுஸ்உவின் எண்ணை மட்டும் மாற்றி, பதினொரு தரம் சொன்னாள். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு அதையே வெட்டி ஒட்டியிருக்கலாம், அவளுக்குத் தெரியாத வேலையா அது? ஒவ்வொன்றையும் தனித்தனியே சொன்னாள். நான் பதினொரு தரமும் நின்று கேட்டேன்.

விழா இல்லாமலே பதிவு ஊரில் பரவியது. பெண்கள் தங்கள் பிள்ளைகளின் பென்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூரத்து வீடுகளுக்கு நான் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் கொடுக்கும்போதே, “நீதானா அந்த முனாப்பு?” என்று கேட்டார்கள். ஓம் என்றேன். ஒரு கிழவி என் கையிலிருந்து பென்னைப் பறித்தே எடுத்தார்.

இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து, ஓட்டோக்கள் நிற்கும் சந்தியில் ஹாஜியார் என்னைப் பிடித்தார்.

“என்ட ஊட்டுல பொண்டாட்டியே போட்டுக் கேக்காள். ஒண்டு ரெண்டு இல்ல, பதினொரு தடவ செல்லுறாடா ஒன்ட தங்கச்சி! குர்ஆனுக்கு நடுவில பொம்புளச் சத்தம், அதில என்ட பேரு. எடுக்கச் செல்லு.”

“பதினொண்டு போன ஹாஜியார். அதுதான் பதினொரு தடவ.”

“ஊர் என்னப் பத்தி என்ன நினைக்கும்?”

“என்னப் பத்தியும் அதில இரிக்கி.”

“நீ நல்ல மனிசன்டா முனாப். நீ செல்லிப் பாரு, அவ கேப்பா.”

அவள் கேட்பாள் என்பது எனக்கும் தெரியும். முந்தியும் என் சொல்லைக் கேட்டுத்தான் பென்னை எறிந்தாள்.

“செல்ல மாட்டன்” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஓட்டோவை எடுத்தேன். என் பின் இருக்கையில் ஐந்து பென்கள் இருந்தன. நற்பிட்டிமுனை வரைக்கும் போக வேண்டியிருந்தது.